பொரிக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு வந்த இருபது நாட்கள்

என்னிடம் பொரி, கடலை என்று இரண்டு கினி பிக் இருக்கின்றன. இரண்டும் பெண். மூன்று வருடத்துக்கு முன் கொளத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் ஜோடி 1,600 ரூபாய் என்று வாங்கி வந்தேன். அப்பா இன்றுவரை அவற்றைச் சீமைப் பெருச்சாளி என்றுதான் சொல்வார். நான் திருத்துவதில்லை. கினி என்ற நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, பன்றியும் கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த, எலி இனத்து உயிருக்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன? போன ஏப்ரலில் பொரிக்கு மூத்திரப்பையில் கல் வந்து ஆபரேஷன் செய்தோம். குரோம்பேட்டையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. தமிழில் தேடினால் நாய், பூனை, மிஞ்சினால் முயல். அந்த இருபது நாளில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது ஒரு கறை. கூண்டில் விரித்திருந்த துணியில் இளஞ்சிவப்பாக, இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு. அன்று காலை பீட்ரூட் தோல் கொஞ்சம் போட்டிருந்தேன், அதுதான் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பீட்ரூட் இல்லை, கறை மட்டும் இருந்தது. அப்புறம் கவனித்தால், மூத்திரம் போகும்போது முதுகைக் கூன் போட்டுக்கொண்டு மெல்லிசாகக் கீச்சிடுகிறது. அந்தச் சத்தம் ஒரு வாரமாகவே இருந்தது என்பது யோசித்தால் நினைவுக்கு வருகிறது. சண்டை போடுகின்றன என்று நினைத்திருந்தேன். இந்த ஜாதி உயிர்கள் காட்டில் மற்றவற்றுக்கு இரையாக இருந்தவை. நோயை வெளியே காட்டினால் கழுகு முதலில் தன்னைத் தூக்கும் என்பதுபோல் கடைசி வரை மறைக்கும். நமக்குத் தெரிகிறது என்றாலே தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் கினி பிக்கில் ரத்தம் மூத்திரத்திலிருந்தும் வரலாம், கர்ப்பப்பையிலிருந்தும் வரலாம். அதனால் எங்கிருந்து வருகிறது என்று நாமே முடிவு செய்யாமல் கறை பட்ட துணியையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

வீட்டுப் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குத்தான் போனேன். அங்கே நாயும் பூனையும்தான் வரும். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். எடை 812 கிராம். மூத்திரத் தொற்று என்று சொல்லி அமாக்சிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார். அது எனக்கே காய்ச்சல் வந்தால் எழுதித் தரும் மருந்துதானே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் புழுக்கை குழைந்து வந்தது, நான்காம் நாள் தண்ணீராகப் போனது, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கினி பிக்கின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் இருக்கின்றன. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் அந்தக் கூட்டம் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். நாலைந்து நாளில் உயிரே போகலாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், வேறு வகையைச் சேர்ந்த கிளிண்டாமைசின் என்று ஆகாத மருந்துகளின் பட்டியலே இருக்கிறது. இது எதுவும் எனக்கு அன்று தெரியாது. இன்று என் போனில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும், "டாக்டர், இது கினி பிக்குக்கு ஆகுமா?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் தேவைப்பட்டால் செய்யலாம், முதல் நாள் ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கொண்டு வாருங்கள் என்றும் அந்தக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அது எவ்வளவு பெரிய தவறு என்று அடுத்த டாக்டரிடம் போன பிறகுதான் தெரிந்தது. அவரைக் கண்டுபிடித்ததே ஒரு கதை. அலுவலகத்தில் கிளி வளர்க்கும் ஒருவர் இருக்கிறார். கிளிக்கு எங்கே காட்டுவீர்கள் என்று கேட்டு நம்பர் வாங்கினேன். பறவை, முயல், ஆமை என்று பார்ப்பவர்களை எக்ஸாட்டிக் வெட் என்கிறார்கள். சென்னையிலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம் போல இருந்தது, எனக்குக் கிடைத்தவர் ஊரின் மறு கோடியில். உங்கள் கினி பிக் இன்று நன்றாக இருந்தாலும் இந்த நம்பரை இன்றே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத் தேடிய நாளில் பொரி இரண்டு வேளை பட்டினி.

புது டாக்டரிடம் போனில் நான்கு கேள்வி கேட்டேன். கிளிக்காரர் சொல்லிக் கொடுத்ததில் பாதி, ராத்திரி படித்ததில் பாதி. கினி பிக்குக்கு இதற்கு முன் ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா, மயக்கத்துக்கு ஊசியா வாயுவா, ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு என்ன தருவீர்கள், முதல் நாள் பட்டினி போட வேண்டுமா. கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தார். "பட்டினியா? கிளம்பும்போது பையில கொத்தமல்லி போட்டுக் கொண்டு வாங்க" என்றார். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நமக்குச் சொல்லும் வெறும் வயிறு அதற்குத் தேவையில்லை. மயக்கம் கொடுக்கும் முன் வாயில் ஒட்டியிருக்கும் புல்லைச் சுத்தம் செய்துகொள்வார்கள். மாறாக, அதன் குடல் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே எதுவும் போகாவிட்டால் குடல் நின்றுவிடும், நின்றால் திரும்ப ஓட வைப்பது பெரும்பாடு. இந்த ஒரு பதிலை வைத்தே டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

எக்ஸ்ரேயில் கல் பளிச்சென்று தெரிந்தது. கொண்டைக்கடலை அளவு. கினி பிக்கின் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு மாதிரி, அதனால் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழும். சின்னக் கல்லாக இருந்திருந்தால் பெண்ணுக்கு மூத்திரம் வரும் வழியாகவே எடுத்துவிட வாய்ப்பு உண்டாம். இது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்: முருங்கைக்கீரை, வாரம் இரண்டு நாள் அகத்திக்கீரை, கடையில் விற்கும் குதிரை மசால் என்ற தீவனப் புல் (ஆல்ஃபால்ஃபா). அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 100 கிராம் அகத்திக்கீரையில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், முருங்கைக்கீரையில் 400க்கு மேல். மனிதனுக்கு அமிர்தம். கினி பிக்கின் உடம்போ சாப்பாட்டிலிருந்து கால்சியத்தை அதிகமாக உறிஞ்சி, மிச்சத்தை மூத்திரத்தில்தான் தள்ளும். கல்லுக்கு உணவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஒரே கூண்டில் ஒரே கீரை தின்ற கடலைக்குக் கல் இல்லையே என்று அவரே ஆறுதலும் சொன்னார். ஆனாலும் என் கையால் ஆய்ந்து ஆய்ந்து போட்ட கீரை அல்லவா. ஆட்டோவில் திரும்பும்போது அதுதான் தொண்டையில் நின்றது.

உடனே கத்தி வைக்கவில்லை. எடை 764க்கு இறங்கியிருந்தது. வயிற்றுப்போக்கு நின்று, உடம்பில் நீர்ச்சத்து ஏறினால்தான் மயக்கம் தாங்கும் என்று மூன்று நாள் தோலுக்கடியில் நீர் ஏற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். அந்த மூன்று நாளில்தான் என் மண்டைக்குள் பெரிய சண்டை. ஆபரேஷனிலேயே போகலாம், பிழைத்தாலும் கல் திரும்ப வரலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அம்மா போனில், "ஏண்டி, அது படற பாட்டுக்கு நிம்மதியாப் போகட்டுமே" என்றாள். கொடுமைக்குச் சொல்லவில்லை, என் குரலைக் கேட்டுப் பயந்து சொன்னாள். வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயதான விலங்காக இருந்தால் நானும் அதையே யோசித்திருப்பேன். பொரிக்கு மூன்று வயதுதான், கீரைக் கவர் சத்தம் கேட்டால் இன்னும் காது அசைந்தது. செய்துவிடலாம் என்றேன்.

ஆபரேஷன் அன்று காலை ஆறரைக்கே கிளம்பினேன். சென்னையில் ஏப்ரல் வெயிலில் பத்து மணிக்கு மேல் கினி பிக்கைக் கொண்டு போவது கல்லைவிட ஆபத்து. 27, 28 டிகிரிக்கு மேலேயே அதற்குத் தாங்காது, அதற்கு வியர்க்காது. கூடையில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வைத்தேன், வேண்டுமானால் ஒட்டி உட்காரும், வேண்டாமென்றால் தள்ளிப் போகும். கடலையையும் கூடவே கூட்டிப் போனேன். தனியாகப் போனால் பயத்திலேயே பாதி உயிர் போய்விடும். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டார்: "எலியாம்மா, முயலாம்மா?" இரண்டும் இல்லைங்கண்ணா என்றேன். வழி முழுக்க மெதுவாக ஓட்டினார், ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் திரும்பிப் பார்த்தார். முகம் தெரியாத அந்த மனிதரின் கரிசனம் அன்று எனக்குப் பெரிய பலம்.

மதியம் கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். மறுநாள் வீட்டுக்குக் கூட்டி வரும்போது, பெரிய மலையைத் தாண்டியாகிவிட்டது என்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். ஏற்றியது தவறில்லை, தாண்டிவிட்டோம் என்று நினைத்ததுதான் தவறு. கத்தி வைத்தது டாக்டர், முக்கால் மணி நேரம். மீதியெல்லாம் வீட்டில் இருக்கும் ஆள்தான் செய்ய வேண்டும், அதுவும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கிளம்பும் முன் டாக்டர் சொன்ன ஒரு வரியை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை: "தானா சாப்பிடற வரைக்கும் நீங்கதான் அதோட குடல்."

வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டியவை என்று பார்த்தால் பெரிய சாமான் எதுவும் இல்லை. மரத்தூளையும் உலர் புல் மெத்தையையும் எடுத்துவிட்டு வெள்ளைத் துண்டு விரித்துவிடுங்கள். தூள் தையலில் ஒட்டும், வெள்ளையில்தான் மூத்திரத்தின் நிறம் தெரியும். முதல் மூன்று நாள் லேசாக ரத்தம் கலந்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள், அதை அளவு பார்க்க வெள்ளைத் துணியைவிடச் சிறந்த கருவி இல்லை. பழைய வேட்டி இருந்தால் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை மாற்ற வேண்டும். மயக்கம் தெளிந்த உடம்பு குளிர்ந்துபோகும் என்பதால் முதல் ராத்திரி ஏசி போடவில்லை, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தேன். மறுநாளிலிருந்து தலைகீழ், வெயிலுக்கு மறுபடி ஐஸ் பாட்டில். கடலையை நடுவில் ஒரு கம்பித் தடுப்பு வைத்துப் பக்கத்திலேயே விட்டேன். மேலே ஏறித் தையலைக் கெடுக்கவும் முடியாது, கண்ணிலிருந்து மறையவும் இல்லை. கழுத்தில் கட்டும் பிளாஸ்டிக் வளையம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கினி பிக் தன் குடலிலிருந்து வரும் மெத்தென்ற ஒருவகைப் புழுக்கையை நேராக வாயால் எடுத்துத் தின்றால்தான் அதற்குச் சில சத்துகள் கிடைக்கும். வளையம் போட்டால் அது முடியாது. முதல் தடவை கேட்டபோது முகம் சுளித்தேன், பிறகு பழகிவிட்டது.

இனி ஊட்டுவது. ஒரு நாளைக்கு 60 மில்லி, ஆறு வேளை, வேளைக்குப் பத்து. கேட்கும்போது ஒன்றுமில்லை போல இருக்கும். ஒரு மில்லி சிரிஞ்சில் பத்து தடவை நிரப்பி, ஒவ்வொன்றையும் மென்று விழுங்கும் வரை காத்திருந்தால் முதல் ராத்திரி ஒரு வேளைக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. அதில் பாதி என் மேல். முன்பல்லுக்கு நேராகச் சிரிஞ்சை நீட்டினால் வாயைப் பூட்டிக்கொள்ளும். வாயின் ஓரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஒரு இடைவெளி இருக்கிறது, அங்கே பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். இது எனக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் புரிந்தது. துண்டில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, மடியில் நமக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, தையல் போட்ட வயிற்றை அழுத்தாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மல்லாத்தக் கூடாது, தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, உணவு நுரையீரலுக்குள் போனால் பிறகு வேறு நோய். அரை மில்லி உள்ளே, தாடை ஆடுவதைப் பார்த்து, நின்ற பிறகு அடுத்த அரை மில்லி. மூக்கில் எட்டிப் பார்த்தால் அந்த வேளையை அப்படியே நிறுத்திவிடுங்கள். சிரிஞ்சின் நுனியைப் பிளேடால் கொஞ்சம் வெட்டிவிட்டால் நார் அடைக்காது, வெட்டிய விளிம்பை நகம் ராவும் அரத்தால் வழவழப்பாக்கிவிடுங்கள். முடிந்ததும் தாடையை ஈரத் துணியால் துடைக்க மறந்தால் இரண்டே நாளில் அங்கே புண்ணாகும்.

கொடுத்தது என்ன? ஆக்ஸ்போ கிரிட்டிகல் கேர் என்று ஒரு பொடி வருகிறது, வெந்நீரில் கரைத்தால் பச்சை இட்லி மாவு மாதிரி ஆகும். வெளிநாட்டுச் சரக்கு, தேவைப்படும் நாளில் கிடைக்காது. ஆன்லைனில் ஆறு நாள் ஆகும் என்றது. அதுவரை அது வழக்கமாகத் தின்னும் பெல்லட்டை (கடையில் விற்கும் உருண்டைத் தீவனம்) வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து மிக்ஸியில் நைசாக அடித்துக் கொடுத்தேன், டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். கொத்தமல்லிச் சாறு இரண்டு சொட்டு விட்டால் மறுப்பு குறைகிறது. வைட்டமின் சி தனியாக. நம்மைப் போலவே கினி பிக்குக்கும் அந்தச் சத்தைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளத் தெரியாது, அது குறைந்தால் புண் ஆறாது. தண்ணீர்ப் பாட்டிலில் கலந்து வைப்பது வீண், வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் கெட்டுவிடும். வாயில்தான் கொடுக்க வேண்டும். மருந்துகளின் அளவை நான் எழுதப் போவதில்லை. எடை பார்த்து டாக்டர் சொல்வதுதான் அளவு, அரை மில்லி மாறினால்கூட இந்தச் சின்ன உடம்புக்கு அதிகம். ஒன்று மட்டும் சொல்கிறேன். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஊட்டினால் அதே சிரிஞ்சை அதே பொரி வாங்கிக்கொண்டது. வலிக்கிற பிள்ளை சாப்பிடுமா? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், முந்நூறு நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இந்த முழுக் கூத்திலும் உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான் என்பேன். தினம் காலை முதல் வேளைக்கு முன், ஒரே கிண்ணத்தில் உட்கார வைத்து, கிராம் கணக்கில் நோட்டில் எழுதினேன். எடை, எத்தனை மில்லி போனது, எத்தனை புழுக்கை வந்தது, எந்த வடிவம். புழுக்கை எண்ணுவதா என்று சிரிக்காதீர்கள். சின்னதாக, கூராக, மயிரில் கோத்த மணி மாதிரி வந்தால் குடல் மெதுவாகிறது. குண்டாக ஒரே அளவில் வந்தால் ஓடுகிறது. போனில் டாக்டரிடம் "ரொம்ப டல்லா இருக்கு" என்று சொல்வதற்கும், "நேத்திலிருந்து 18 கிராம் குறைஞ்சிருக்கு, பதினோரு புழுக்கைதான்" என்று சொல்வதற்கும் பதிலில் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? நல்ல நாளிலேயே வாரம் ஒரு தடவை எடை போட்டு வைத்திருந்தால் இந்த நோயையே முன்னால் பிடித்திருப்பேன்.

மூன்றாம் ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு மத்தளம் மாதிரி விறைத்துக்கொண்டது. ஆறு மணி நேரமாகப் புழுக்கை இல்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் கூனி உட்கார்ந்திருந்தது. சாப்பிடாததால்தான் இப்படி என்று நினைத்துச் சிரிஞ்சை நிரப்பிவிட்டேன். ஏதோ தோன்றி, கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் செய்தேன். எடுத்தார், அவர் புண்ணியவதி. "கொடுத்துடாதீங்க" என்பதுதான் முதல் வார்த்தை. வாயு அடைத்து உப்பிய வயிற்றில் மேலும் திணித்தால் நிலைமை கெட்டுவிடும். குடல் மெதுவாக இருந்தால் ஊட்ட வேண்டும், வயிறு உப்பி விறைத்தால் நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தினம் தொட்டுப் பழகிய கைக்குத்தான் தெரியும், அதனால் நல்ல நாளிலேயே வயிற்றைத் தடவிப் பழகிக்கொள்ளுங்கள். இருபத்து நான்கு மணி நேர ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்தேன், கினி பிக் பார்ப்பவர் காலையில்தான் வருவார் என்றார்கள். டாக்டர் போனிலேயே சொல்லச் சொல்ல, ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த வாயு மருந்தைக் கொடுத்து, தையலைத் தொடாமல் விலாப் பக்கம் விரலால் மெல்ல நீவி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தரையில் இரண்டு அடி நடக்க வைத்து, விடியும் வரை அப்படியே. இரண்டு மணிக்கு அதன் காதில், போறதுன்னா போ பொரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. காலை ஆறு மணிக்கு ஆட்டோ, ஊசி, மறுபடி நீர். மத்தியானம் ஒரே ஒரு புழுக்கை வந்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

இதற்கு நடுவே அலுவலகம். ஆடிட் ஆபீஸ், வருடக் கணக்கு முடிக்கும் நேரம். உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் பொய் சொன்னேன், மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். "எலிக்கா லீவு?" என்று ஒருவர் கேட்டார். அன்று கோபம் வந்தது. யோசித்தால், மூன்று வருடம் முன் என்னிடம் யாராவது சொல்லியிருந்தாலும் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஏழு நாள் லீவு போனது. தனியாக இருப்பவர்கள் ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே ராத்திரி இரண்டு மணி வேளைக்கு ஒரு ஆளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் தூக்கக் கலக்கத்தில் வலி மருந்தை இரண்டு தடவை கொடுக்கப் போனேன். நோட்டில் டிக் இருந்ததால் தப்பித்தது. கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மா விஷயம் தெரிந்து, "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று ராத்திரி பத்து மணி வேளையைத் தான் எடுத்துக்கொண்டார். பேரனுக்குச் சங்கில் பால் புகட்டிய கை. என்னைவிட வேகமாக ஊட்டினார்.

காயத்தைக் காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்தேன். தினம் பார்க்கும் கண்ணுக்குச் சிவப்பு ஏறுவது தெரியாது, நேற்றைய போட்டோவோடு வைத்துப் பார்த்தால் தெரியும். ஆறாம் நாள் ஒரு ஓரத்தில் தோல் அரிசி அளவுக்குப் பிரிந்திருந்தது. உடனே கூட்டிப் போனதால் பசை வைத்தே ஒட்டிவிட்டார்கள். மஞ்சள் பூசட்டுமா என்று கேட்டேன், அவர் பார்த்த பார்வையில் பதில் இருந்தது. கூண்டுக்குக் கொசுவலை கட்டாயம் போடுங்கள். நம் ஊர் வெயில் காலத்தில் காயத்தில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

அதே ஆறாம் நாள் நோட்டில் முதல் தடவையாக எடை சொல்லும்படி ஏறியிருந்தது. நான்கு கிராம். நாலாம் நாள் 706 வரை இறங்கியது, அங்கிருந்து 707, பிறகு 711. அன்று சாயங்காலம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கவரைச் சரசரக்க வைத்தேன். கடலை வழக்கம்போல் வீடே அதிரக் கத்தியது. அடுத்து, தடுப்புக்கு இந்தப் பக்கம், தொண்டை கட்டியது மாதிரி ஒரு சின்னக் கீச்சு. தரையில் உட்கார்ந்து கொத்தமல்லியை நீட்டினேன். இரண்டு இலை. பிறகு காம்பு. ஊட்டுவதை அன்றே நிறுத்திவிடலாம் என்று கை பரபரத்தது. நிறுத்தாதீர்கள். தானாகப் புல் மென்று, எடை மூன்று நாள் தொடர்ந்து ஏறும் வரை வேளையைக் குறைக்கலாம், விட்டுவிடக் கூடாது. எனக்கு அது பதினான்காம் நாள் வரை போனது. இலை தின்பது மட்டும் போதாது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, புல்லை அரைத்தால்தான் கடைவாய்ப் பல் தேயும். அது தேயாவிட்டால் பிறகு பல்லுக்கென்று ஒரு மயக்கம். இருபதாம் நாள் 790. தடுப்பை எடுத்தேன். கடலை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு அதன் கொத்தமல்லியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

பணக் கணக்கு கேட்பீர்கள். முதல் கிளினிக் 1,350. புது டாக்டரிடம் எக்ஸ்ரே, ஸ்கேன், நீர் ஏற்றியது எல்லாம் 5,400. ஆபரேஷனும் ஒரு ராத்திரி தங்கலும் 16,000. மருந்து 1,850. பொடி, சிரிஞ்ச், தராசு, துண்டு 2,300. பின்னால் போன தடவைகளுக்கு 2,700. ஆட்டோவுக்கு மட்டும் 5,600. ஆக 35,200 ரூபாய், ஜோடி 1,600க்கு வாங்கிய உயிருக்கு. ஆபரேஷன் செலவைத்தான் நான் கேட்டு வைத்திருந்தேன், அது மொத்தத்தில் பாதிகூட இல்லை. உங்களிடம் ஒரு தொகை சொன்னால் மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இப்போது மாதம் ஆயிரம் ரூபாய் இதற்கென்று தனியாகப் போடுகிறேன், கடலைக்கும் வயது ஏறுகிறதே.

சாப்பாடு மாறிவிட்டது. முருங்கை, அகத்தி, குதிரை மசால் மூன்றும் வீட்டுக்குள் வருவதில்லை. வளர்ந்த கினி பிக்குக்குப் பெரும்பகுதி டிமொதி என்ற உலர் புல்தான், கூடவே குடமிளகாய், வெள்ளரிக்காய், கொஞ்சம் கொத்தமல்லி, எப்போதாவது ஒரு துண்டு கொய்யா. குடமிளகாயில் வைட்டமின் சி அதிகம், கால்சியம் குறைவு. காய்களை நனைத்தே போடுகிறேன், எவ்வளவு நீர் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. போர் தண்ணீரை நிறுத்திவிட்டு நான் குடிக்கும் வடிகட்டிய தண்ணீரையே வைக்கிறேன். துண்டில் காய்ந்த மூத்திரம் கொஞ்சம் வெள்ளையாக மாவு போல் படிவது வழக்கம்தான், விரலால் தேய்த்தால் மணல் மாதிரி நெருடினால் டாக்டரிடம் போக வேண்டும். அக்டோபரில் எடுத்த எக்ஸ்ரேயில் அடியில் லேசாக மணல் தெரிகிறது என்றார். கல் இல்லை, இன்னும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அருகம்புல்லுக்குக் கோயில் வாசல் பூக்கடையை நம்பியிருந்தேன், அதில் என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. போன மாதம் ஊரிலிருந்து அப்பா வந்தபோது மஞ்சப்பை நிறையக் கொண்டு வந்தார், மருந்து படாத வரப்பில் தானே அறுத்தது. ஈரச் சாக்கில் சுற்றி, ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போதெல்லாம் காலையில் போன் செய்தால் நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்கு முன், "பெருச்சாளி இன்னைக்கு எவ்ளோம்மா?" என்கிறார்.

இன்று 822.